மாப்பிள்ளை பாக்க வாற அன்னைக்கா அப்கிரேட் பண்ணுவா?

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். வேலை ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓடுற சிஸ்டத்தைப் பத்துல இருந்து பதினொண்ணுக்கு மாத்தணும்.

அது ரொம்ப நாளாவே கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. எப்ப ஆன் பண்ணாலும் ஒரு பெட்டி வந்து நிக்கும். "பத்துக்கு இனிமே ஆதரவு கிடையாது, பதினொண்ணுக்கு மாறிக்கோங்க"ன்னு சொல்லும். கீழயே "பிறகு"ன்னு ஒரு பட்டன் இருக்கும். நான் அதை அமுக்கி அமுக்கியே மாசக்கணக்கா ஓட்டிட்டேன்.

அப்படி ஓட்டுனவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் புத்தி வந்துச்சு. அன்னைக்குச் சாயந்தரம் நாலு மணிக்கு என் தம்பியைப் பாக்க பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்க. தம்பி ஊர்ல இல்ல, கப்பல்ல இருக்கான். அவனைக் கம்ப்யூட்டர்லதான் காட்டணும்.

இதைக் கொஞ்சம் வெவரமாச் சொல்லிருதேன்.

தம்பி பேரு செல்வின். கப்பல்ல எஞ்சின் ரூம் வேலை. வருஷத்துல ஒம்பது மாசம் கடல்ல, மூணு மாசம் கரையில. வயசு முப்பத்தி நாலு ஆயிட்டு. இதுக்கு முன்னால ரெண்டு இடம் நல்லா வந்து தட்டிப் போச்சு. ரெண்டு பேரும் சொன்னது ஒண்ணுதான். "பையனைக் கண்ணால பாக்காம எப்படிங்க?" எனக்கு அவனை நெனச்சா அவ்வளவு பாவமா இருக்கும். முத்தையாபுரத்துல இந்த வீட்டைக் கட்டுனவன் அவன். அதுல அவன் சேந்தாப்ல நூறு நாள் படுத்திருக்க மாட்டான்.

மூணாவதா வந்ததுதான் இந்தத் திரேஸ்புரத்து இடம். பொண்ணு பேரு ஜாஸ்மின். அவ அப்பா மிக்கேல் அண்ணாச்சிக்குச் சொந்தமா படகு இருக்கு. பொண்ணுக்கு போட்டோ பிடிச்சிருக்கு. அண்ணாச்சிக்கும் சம்மதம். ஆனா அந்த வீட்டுல எதுக்கும் கடைசி வார்த்தை பொண்ணோட பெரியம்மா சொல்லணும். அவங்க ஒரே ஒரு கண்டிஷன் போட்டுட்டாங்க.

"போட்டோல பாத்து நாங்க ஏமாந்தது போதும். எங்க நாத்தனா மவளுக்குப் போட்டோல இருந்தவன் ஒருத்தன், வந்து எறங்குனவன் ஒருத்தன். பையன் அசையுததை நான் பாக்கணும். பெருசாப் பாக்கணும். எனக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணிருக்கு, போன்ல காட்டுனா ஒண்ணும் தெரியாது."

ஏன் அன்னைக்கேன்னு கேப்பீங்க. மறுநாள் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிட்டா ஈஸ்டர் வரைக்கும் எங்க ஆளுங்க கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டாங்க. கப்பலும் அன்னைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்குக் கெளம்புது. நடுக்கடலுக்குப் போயிட்டா இருபது இருபத்தஞ்சு நாளைக்கு நெட்டு கிடையாது. இதுக்கு நடுவுல தரகர் வேற ஒரு சேதியைக் காதுல போட்டுட்டுப் போனாரு. துபாய்ல வேலை பாக்குத ஒரு பையனையும் அவங்களுக்குச் சொல்லிருக்காங்களாம். அவன் ஈஸ்டருக்கு லீவுல நேராவே வந்து நிக்கப் போறானாம்.

ஆக, என் தம்பி கல்யாணம் அந்த ஒரு வீடியோ காலை நம்பித்தான் நிக்குது.

திங்கக்கிழமை சோதனைக்கு ஒருக்கா கால் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் வந்தான். பேசிக்கிட்டு இருக்கையில அந்தப் பெட்டி வந்து அவன் மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு. "ஆதரவு கிடையாது"ன்னு.

எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. பெரியம்மா பாத்துக்கிட்டு இருக்கையில மாப்பிள்ளை மூஞ்சில "ஆதரவு கிடையாது"ன்னு வந்து நின்னா நல்லாவா இருக்கும்? அதான் மாத்திப்புடலாம்னு முடிவு பண்ணேன்.

வீட்டுக்காரர் ஹார்பர்ல கிரேன் ஓட்டுதாரு. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு காலையில வந்து, நான் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கதைப் பாத்தாரு.

"ஏளா, அது நல்லாத்தான ஓடுது?"

"ஓடுது."

"பொறவு எதுக்கு அதைப் போட்டு நோண்டுத?"

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி"ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டாரு.

எனக்குக் கோவம். நான் பள்ளிக்கூட ஆபீஸ்ல பதினாலு வருஷமா டைப் அடிக்கவ. ஹெட்மாஸ்டர் ரூம்ல பிரிண்டர் மக்கர் பண்ணாக்கூட என்னையத்தான் கூப்பிடுவாங்க. போய் பிளக்கைப் பிடுங்கிட்டு மாட்டுவேன், ஓடிரும். அந்தத் தைரியத்துலதான் வீட்டுலயும் கம்ப்யூட்டர் இன்ஜினியரா இருக்கேன்.

ஒம்பதரைக்கு ஆரம்பிச்சேன். முதல்ல அது சோதிச்சுப் பாத்துச்சு. "உங்கள் கம்ப்யூட்டருக்குத் தகுதி இருக்கிறது"ன்னு பச்சையா ஒரு டிக் போட்டுச்சு. எனக்கே யாரும் இதுவரைக்கும் அப்படிப் போட்டதில்ல. சந்தோஷமா "சரி"யை அமுக்கிட்டேன்.

புதுசு நெட்டுல இருந்து எறங்கவே பதினோரு மணி ஆயிட்டு. பொறவு ஸ்கிரீன் கறுப்பாச்சு. நடுவுல ஒரு வட்டம் சுத்துது. கீழ ஒரு நம்பர், சதவீதக் கணக்குல. அதுக்கும் கீழ "கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்"ன்னு எழுதிருந்துச்சு.

அதை நான் ரொம்பப் பயபக்தியா எடுத்துக்கிட்டேன். ஒரு சீட்டு எடுத்து, செவப்பு ஸ்கெட்ச்ல "தொட்டா கை வெளங்காது"ன்னு எழுதி, சுவிட்சு மேல ஒட்டுனேன். அந்தப் பக்கமா வாரியலோட கூட்ட வந்த அம்மாவைத் திருப்பி அனுப்புனேன். வடைக்கு அரைக்க மிக்சி போடப் போனா, அதையும் தடுத்தேன்.

"எம்மா, மிக்சி போட்டா ப்யூஸ் போயிரும். இன்னைக்கு ஒரு நாள் அம்மியில அரை."

"அம்மி எங்கன இருக்கு? வாசல்ல செடித் தொட்டிக்கு நீதான் முட்டுக் குடுத்து வச்சிருக்க."

"அப்ப வடை வேண்டாம். மக்ரூன் வாங்கிக்கிடலாம்."

அம்மா என்னைய ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டா. பையன் கல்யாணம்னுதான் அவ வாயைக் கட்டிக்கிட்டா, எனக்குத் தெரியும்.

நம்பர் முப்பதாச்சு, அம்பதாச்சு. நான் ஒரு நாற்காலியைப் போட்டுச் சுவிட்சுக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டேன். ஒரு ஈ எறும்பை அண்ட விடல. பன்னெண்டுக்கு எழுபத்தொண்ணு.

பன்னெண்டு மணிக்குக் கோயில் மணி அடிச்சுது.

எங்க வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. மணி அடிச்சா ஓடுற டிவி, ரேடியோ எதுவானாலும் சுவிட்சுல அமத்திட்டு, எந்திரிச்சு நின்னு திரிகால ஜெபம் சொல்லணும். யாரும் சொல்லவே வேண்டாம். நடக்கத் தெரிஞ்ச நாள்ல இருந்து என் கை அதைச் செஞ்சுக்கிட்டு இருக்கு.

நான் எந்திரிச்சேன். நெத்தியில சிலுவை போட்டேன். சீட்டை ஒரு கையால ஒதுக்கிட்டு, மறு கையால சுவிட்சை அமத்துனேன். கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பிச்சேன்.

ரெண்டாவது அருள் நிறைந்த மரியே சொல்லும்போதுதான், ரூம் என்ன இவ்வளவு அமைதியா இருக்குன்னு தோணுச்சு.

கண்ணைத் தொறந்தேன். ஸ்கிரீன்ல வட்டம் இல்ல. நம்பரும் இல்ல. என் மூஞ்சிதான் தெரிஞ்சுது.

அடுக்களையில நின்ன அம்மா பாதியில நிறுத்தல. முழுசா ஜெபத்தை முடிச்சிட்டு, நிதானமா வெளிய வந்து கேட்டா.

"யாரு அமத்துனா?"

அம்மா கண்ணாடியைப் போட்டுச் சீட்டை வாசிச்சுப் பாத்தா. பொறவு என் கையைப் பாத்தா. திரும்பி அடுக்களைக்குப் போயிட்டா. ரெண்டு ஏச்சு ஏசிருந்தாக்கூடத் தேவலன்னு இருந்துச்சு.

திரும்ப ஆன் பண்ணேன். அது கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்"னு ஒரு வரி வந்துச்சு. வட்டம் திரும்பச் சுத்த ஆரம்பிச்சுது. நான் தெரிஞ்ச புனிதர் எல்லாருக்கும் ஆளுக்கொரு மெழுகுவத்தி நேந்துக்கிட்டேன்.

ஒண்ணே முக்காலுக்குப் பழைய பத்து வந்து நின்னுச்சு. எதுவும் போகல. எல்லாம் வச்ச எடத்துல அப்படியே இருக்கு. எனக்கு உசுரு திரும்ப வந்துச்சு.

வீட்டுக்காரர் ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வந்து சோத்துல உக்காந்தாரு. நடந்ததை அம்மா ஏற்கெனவே சொல்லிட்டா.

"வந்துட்டுல்லா?"

"வந்துட்டு."

"அப்படியே விட்டுரு. சாயந்தரம் கதை முடியட்டும். நாளைக்கு என்னமும் செய்யி."

நல்ல யோசனை. மூளை உள்ளவ யாரா இருந்தாலும் கேட்டிருப்பா. ஆனா அந்த நேரம் பாத்து ஸ்கிரீன்ல ஒரு பெட்டி வந்துச்சு. "அப்கிரேட் முடியவில்லை. மீண்டும் முயற்சி செய்யவா?"

என்னமோ அது என்னையப் பாத்து நக்கலாக் கேட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு ரோஷம் வந்துட்டு. அதான் ஏற்கெனவே எறங்கிட்டே, எழுபத்தொண்ணு வரைக்கும் போனதுதான, மூணு மணிக்குள்ள முடிஞ்சிரும்னு நானே ஒரு கணக்குப் போட்டேன். வீட்டுக்காரர் கை கழுவப் போன நேரத்துல அமுக்கிட்டேன்.

அவரு திரும்பி வந்து கறுப்பு ஸ்கிரீனைப் பாத்தாரு. "நீ திருந்த மாட்ட"ன்னு சொல்லிட்டு சட்டை மாத்தப் போயிட்டாரு.

நாலு மணிக்கு வேன் வந்து வாசல்ல நின்னுச்சு. ஸ்கிரீன்ல நம்பர் இந்தத் தடவை ஆமையா நகந்து முப்பத்தெட்டுலதான் நிக்குது.

வந்தது ஆறு பேரு. மிக்கேல் அண்ணாச்சி, அவர் வீட்டுக்காரி, கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியம்மா, கூட வாயே தொறக்காத சொந்தக்காரங்க மூணு பேரு. பொண்ணு வரல, அப்படி வாறது வழக்கமில்ல. அவங்க உக்காரதுக்குன்னு ஆறு நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு நேரா நான்தான் வரிசையாப் போட்டு வச்சிருந்தேன். ஆறு பேரும் உக்காந்து நேரா அந்த வட்டத்தைப் பாத்தாங்க.

அம்மா மக்ரூனும் டீயும் கொண்டாந்து முன்னால ஸ்டூல்ல வச்சா. பெரியம்மா கையைக் காட்டித் தடுத்துட்டாங்க.

"இருக்கட்டும் தாயி. பையனைப் பாத்து முடிவாகுத வரைக்கும் நாங்க கை நனைக்க மாட்டோம்."

இது எல்லாருக்கும் தெரிஞ்ச மொறைதான். அந்த வீட்டுல ஒரு வாய் சாப்ட்டா சம்மதம்னு அர்த்தம். பிடிக்கலன்னா பச்சத் தண்ணிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருவாங்க. அம்மா தலையாட்டிட்டு உள்ள போயி ஜெபமாலையை எடுத்துக்கிட்டா.

பெரியம்மா கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டாங்க. "அங்கன என்னமோ சுத்துதே, அது என்னது?"

உண்மையைச் சொல்லிருக்கணும். "பெரியம்மா, நான் ஒரு கோட்டி. இன்னைக்குன்னு பாத்து இதைப் பிரிச்சு வச்சிருக்கேன்"னு சொல்லிருந்தா சிரிச்சிருப்பாங்க. என் வாயில வந்தது வேற.

"மாப்பிள்ளை வந்துக்கிட்டு இருக்கான் பெரியம்மா."

"அந்த நம்பரு?"

"எவ்வளவு வந்திருக்கான்னு அது சொல்லுது."

"எவ்வளவு வந்திருக்கான்?"

"முப்பத்தி ஒம்பது."

"நூறு ஆனா?"

"முழுசா வந்துருவான்."

என் வீட்டுக்காரர் கதவுப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. தோள் மட்டும் குலுங்குது.

நாலரைக்கு என் போன் அடிச்சுது. செல்வின். "அக்கா, கம்ப்யூட்டர்ல ஏன் எடுக்க மாட்டேங்க?" நான் வேற வழியில்லாம அதையே வீடியோவாக்கி, பெரியம்மா கையில குடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் தேச்சுத் தலை சீவி, ராஜாவாட்டம் இருந்தான். "வணக்க..."ன்னு ஆரம்பிச்சான்.

அதோட நின்னுட்டான். கப்பல் நெட்டு. ஒரு கண்ணு பாதி மூடிருக்கு, வாய் தொறந்திருக்கு.

பெரியம்மா கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிட்டுப் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிச்சுப் பாத்தாங்க. "இது போட்டோல்லா?"

"இல்ல பெரியம்மா, நேர்லயேதான் பேசுதான்."

"பொறவு ஏன் அசைய மாட்டேங்கான்?"

"நெட்டு கொஞ்சம்..."

"மூஞ்சி எனக்குத் தெரியல. அசையலங்குதது மட்டும் நல்லாத் தெரியுது." போனை மிக்கேல் அண்ணாச்சிகிட்ட நீட்டுனாங்க. அண்ணாச்சி பாத்தாரு, அவர் வீட்டுக்காரி பாத்தாங்க, மூணு பேரும் பாத்தாங்க. "முன்னால அனுப்புன போட்டோவுல வாயாவது மூடிருந்துச்சு"ன்னாங்க பெரியம்மா.

கால் கட்டாயிட்டு. அப்பவும் வட்டத்தைப் பாத்தேன். அது பாட்டுக்குச் சுத்துது. கப்பல் நெட்டு அப்படி இருந்தா, கம்ப்யூட்டர்ல வந்திருந்தாலும் அவன் வாயைத் தொறந்துக்கிட்டேதான் நின்னிருப்பான். பதினொண்ணு என்ன, பன்னெண்டு போட்டாலும் அதேதான். காலையில இருந்து நான் பட்ட பாட்டுக்கும் அவன் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு எனக்கு அப்பத்தான் ஒறச்சுது.

அவன் மெசேஜ் போட்டிருந்தான். "எஞ்சின் ரூமுக்குக் கூப்பிடுதாங்க. அஞ்சே காலுக்குத் திரும்ப வாரேன்." வாசிச்சுச் சொன்னேன்.

பெரியம்மா எந்திரிக்கப் பாத்தாங்க. "இது சரிப்படாது மிக்கேலு. ஈஸ்டர் கழிச்சு அந்தத் துபாய் பையன் வரட்டும். நேராப் பாத்துக்கிடலாம்."

மூணாவது இடமும் போச்சு, அதுவும் என்னாலன்னு நெனச்சேன். அம்மா மூஞ்சியைப் பாக்கவே தைரியம் இல்ல.

ஆனா மிக்கேல் அண்ணாச்சி எந்திரிக்கல. அவரு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"மைனி, இருங்க. அம்பத்தி ரெண்டு ஆயிட்டு."

"ஆவட்டும்."

"நாங்க கடல்ல வலை மடி இழுக்கும்போதும் இப்படித்தான். பாதிக்கு மேல வந்துட்டா வேகமா வரும். பாருங்க, அம்பத்தி நாலு."

அவரு சொன்ன மாதிரியே அம்பத்தாறுல இருந்து ஒரே தாவா அறுபத்தி மூணுக்குப் போச்சு. அண்ணாச்சி நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டாரு. வாயே தொறக்காத மூணு பேருல ஒருத்தர், "எழுபதுல நிக்கும் பாருங்க"ன்னாரு. இன்னொருத்தர், "நிக்காது"ன்னாரு. எழுபதுல நிக்கல. எழுபத்தி நாலுல நின்னுச்சு. எல்லாரும் "ப்ச்"னாங்க. ஸ்கிரீன் ஒருக்கா அணைஞ்சு போச்சு. மிக்கேல் அண்ணாச்சி எந்திரிச்சே நின்னுட்டாரு. திரும்ப வெளிச்சம் வந்து எழுபத்தஞ்சு ஆனப்புறந்தான் உக்காந்தாரு.

பெரியம்மா மட்டும் அசையல. "என்னப்பா கூத்து இது"ன்னாங்க. ஆனா அவங்களும் நடுநடுவுல "இப்ப எவ்வளவு?"ன்னு கேட்டுக்கிட்டாங்க.

எண்பது. எண்பத்தி ஒண்ணு. எண்பத்தி ரெண்டுல வந்து அசையாம நிக்குது. ஆறு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. நானும்தான்.

"எண்பத்தி மூணு"ன்னு மிக்கேல் அண்ணாச்சி சொன்னாரு. சொல்லிக்கிட்டே முன்னால கையை நீட்டி, கண்ணை ஸ்கிரீன்ல இருந்து எடுக்காமலே, ஒரு மக்ரூனை எடுத்து வாயில போட்டுட்டாரு.

மக்ரூன் சத்தமில்லாமக் கரையுத பண்டம். ஆனா அன்னைக்கு அது நொறுங்குன சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.

"மிக்கேலு"ன்னாங்க பெரியம்மா.

அண்ணாச்சி திரும்புனாரு. எல்லாரும் அவர் வாயையே பாக்கது தெரிஞ்சுது. கையைப் பாத்தாரு. விரல்ல துகள் ஒட்டிருந்துச்சு.

"நெனவில்லாம எடுத்துட்டேன் மைனி."

"எடுத்தது சரி. வாயில போட்டுட்டல்லா?"

"போட்டுட்டேன்."

"முழுங்கிட்டியா?"

அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசிச்சாரு. துப்பவும் முடியாது, மெல்லவும் முடியாது. கடைசியில முழுங்கிட்டாரு.

பெரியம்மா கண்ணாடியைக் கழத்தி முந்தானையில துடைச்சாங்க. ரொம்ப நேரம் துடைச்சாங்க. நான் சாமியைக் கூப்பிடக்கூட மறந்து போயி நிக்கேன்.

"எங்க குடும்பத்துல கை நனைச்சிட்டு மாறுனதா சரித்திரம் கிடையாது"ன்னாங்க. "ஒரு வீட்டுல வாயில போட்டுட்டு வேண்டாம்னு எந்திரிச்சுப் போனான்னு நாளைக்கு எவளும் நம்மளைச் சொல்லப்படாது. ஈஸ்டர் கழிச்சு ஒப்புத்தாம்பூலம் வச்சு நிச்சயம் பண்ணிக்கிடலாம். அதுக்குள்ள பையன் வரட்டும், அசையட்டும், பாத்துக்கிடுதேன்."

பொறவு கையை நீட்டுனாங்க. "அந்தத் தட்டை இங்கன தள்ளு தாயி. எனக்கும் நாலு மணியில இருந்து பசிக்கி."

அம்மா அடுக்களை வாசல்ல நின்னு அழுதுட்டா. நான் டீயைச் சூடு பண்ண ஓடுனேன். அதுவரைக்கும் அண்ணாச்சின்னு கூப்பிட்டவரை, அந்த டீயைக் குடுக்கும்போது "மாமா, எடுத்துக்கோங்க"ன்னேன். ரெண்டு தட்டு மக்ரூனும் காலி ஆயிட்டு. வாயே தொறக்காத மூணு பேரும் நல்லாவே தொறந்தாங்க.

அஞ்சரைக்கு வேன் கெளம்புச்சு. நம்பர் அப்ப எண்பத்தாறு. அதை யாரும் திரும்பிப் பாக்கல.

அஞ்சே காலுக்கு வாரேன்னவனை எஞ்சின் ரூம்ல விடல போல, கப்பல் கெளம்ப கால்மணி நேரம் இருக்கையிலதான் செல்வின் பேசுனான். வீடியோ இல்ல, வெறும் குரல்.

"அக்கா, என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்கலே. ஈஸ்டர் கழிச்சு ஒப்புத்தாம்பூலம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. நெட்டு நின்னுச்சா, அவன் நின்னுட்டானான்னு தெரியல.

பொறவு மெதுவாக் கேட்டான். "நான் நல்லா இருந்தேனாக்கா?"

"எண்பத்தி மூணு சதவீதம் இருந்தலே"ன்னேன். "அதுவே போதும்னுட்டாங்க."